அட்ரே எல்லையில் நின்ற லாரிகள்



சாட் நாட்டின் கிழக்கு ஓரத்தில் அட்ரே என்று ஒரு சிற்றூர். அதைத் தாண்டினால் சூடானின் டார்ஃபூர் பகுதி. நடுவே மதில் இல்லை, இரும்புக் கதவு இல்லை. மழைக்காலத்தில் மட்டும் நீர் ஓடும் ஆற்றுப்படுகை. அதில் ஊன்றிய ஒரு கான்கிரீட் கல்தான் எல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை அந்தக் கல்லைத் தாண்டி அகதிகள் நடந்து வந்துகொண்டே இருந்தார்கள். வியாபாரிகள் போய் வந்தார்கள். எரிபொருள் பீப்பாய்களை ஏற்றிய கழுதை வண்டிகள் போயின. ஐ.நா.வின் உணவு லாரிகள் மட்டும் போகக் கூடாது என்று தடை.

தடை போட்டது சூடான் ராணுவம். ஆனால் அந்த ராணுவத்தின் ஆட்கள் அந்த எல்லையில் இல்லவே இல்லை. எல்லையின் சூடான் பக்கம் அதன் எதிரியான ஆர்.எஸ்.எஃப். துணை ராணுவப் படையின் பிடியில் இருந்தது. ராணுவத் தலைமையோ நாட்டின் மறுகோடியில், செங்கடல் கரையில், போர்ட் சூடானில் இருந்தது. தன் கையில் இல்லாத ஒரு வாசலை அது பூட்டியது. உலகமும் அந்தப் பூட்டுக்குக் கட்டுப்பட்டது. ஏனென்றால் ஐ.நா.வின் கணக்கில் அந்த ராணுவம் நடத்தும் அரசுதான் சூடான் அரசு. அதன் ஒப்புதல் இல்லாமல் ஐ.நா. லாரி நகராது.

சூடானில் மக்கள் பட்டினியால் செத்ததற்குப் பணப் பற்றாக்குறையைக் காரணமாகச் சொல்கிறார்கள். பணம் குறைந்தது உண்மைதான், அதைப் பற்றியும் பேசுவேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்த தவறு வேறு. வழியைத் திறக்கவும் அடைக்கவும் உள்ள உரிமையை, மக்களைப் பட்டினி போடுகிறவர்களின் கையிலேயே உலகம் விட்டுவைத்தது. இன்று நான் பேச வந்தது இதைத்தான்.

போரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 அக்டோபரில் ராணுவத் தளபதி அப்தெல் ஃபத்தா அல் புர்ஹானும், ஹெமெட்டி என்று அழைக்கப்படும் ஆர்.எஸ்.எஃப். தலைவர் முகமது ஹம்தான் டகலோவும் சேர்ந்து, பிரதமர் அப்தல்லா ஹம்தோக்கின் சிவில் அரசைக் கவிழ்த்தார்கள். சேர்ந்து பறித்த ஆட்சியை யார் வைத்துக்கொள்வது என்ற சண்டை 2023 ஏப்ரல் 15 அன்று கார்ட்டூமில் வெடித்தது. ஆர்.எஸ்.எஃப். யாரென்றால், 2003க்குப் பிறகு டார்ஃபூரில் ஊர் ஊராகக் கொளுத்திய ஜஞ்சாவீத் கூலிப்படையின் வாரிசு. அந்த ஜஞ்சாவீத் தலைவர்களில் ஒருவரான அலி குஷைப் குற்றவாளி என்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 அக்டோபரில்தான். அதற்குள் அதே மண்ணில் அடுத்த தலைமுறையின் கொலைகள் தொடங்கி இரண்டு வருடம் ஓடிவிட்டது.

போர் தொடங்கியதும் உலகம் வேகமாகத்தான் செயல்பட்டது, ஆனால் தன்னுடைய ஆட்களுக்காக. ஓரிரு வாரத்தில் பல தூதரகங்கள் காலியாகின. இந்தியாவும் காவிரியின் பெயரை வைத்து ஒரு மீட்பு நடவடிக்கையைத் தொடங்கி, கப்பலிலும் விமானத்திலுமாகத் தன் குடிமக்களை ஜெட்டா வழியாகக் கொண்டுவந்தது. தமிழர்கள் பலரும் அப்படி வீடு திரும்பினார்கள். அது செய்ய வேண்டிய காரியம், நன்றாகவே செய்தார்கள். ஆனால் மேற்கத்தியத் தூதரகங்கள் சிலவற்றில் விசாவுக்காகச் சூடான் மக்கள் கொடுத்திருந்த பாஸ்போர்ட்டுகள் பூட்டிய அலமாரிகளில் கிடந்தன. அமெரிக்கத் தூதரகம் தன்னிடம் இருந்தவற்றை அழித்துவிட்டுப் போனது. வேறு யார் கையிலும் சிக்கக் கூடாது என்பது அவர்களுடைய விதிமுறை. குண்டு விழும் ஊரில் வெளியேற வழி தேடிய ஒரு குடும்பத்துக்கு அந்த விதிமுறை என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள்.

ஐ.நா.வும் கார்ட்டூமை விட்டுப் போர்ட் சூடானுக்குப் போனது. சூடானில் இருந்த அதன் அரசியல் தூதுக் குழுவை மூடச் சொல்லி ராணுவ அரசு கேட்டது. பாதுகாப்பு அவை 2023 டிசம்பரில் மூடிக்கொடுத்தது.

இந்த இடத்தில் தமிழர்களாகிய நமக்கு ஒரு நினைவு வராமல் போகாது. 2008 செப்டம்பரில் இலங்கை அரசு சொன்னதும் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். போகாதீர்கள் என்று மக்கள் அவர்களுடைய வாசலில் கூடி நின்று கெஞ்சினார்கள். பிறகு வன்னியில் நடந்ததை நான் இங்கே சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தோல்வியை ஆராய ஐ.நா.வே நியமித்த சார்லஸ் பெட்ரி குழு 2012 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. அரசின் மனம் நோகாமல் இருந்தால்தான் உதவிக்கு அனுமதி தொடரும் என்று பயந்து, கண்ணால் கண்டதைக்கூடச் சொல்லாமல் விட்ட வழக்கத்தை அது வெளிப்படையாக எழுதியது. இனி அப்படி நடக்காது என்று ஐ.நா. புதிய செயல்திட்டமும் வகுத்தது. வன்னி மக்களின் சாவிலிருந்து பிறந்த அந்த வாக்குறுதி டார்ஃபூர் மக்களுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும். பயன்படவில்லை.

இனிப் பட்டினிக்கு வருகிறேன். சூடான் விளையாத பூமி என்று பலரும் நினைக்கிறார்கள். நீல நைலுக்கும் வெள்ளை நைலுக்கும் நடுவே கெசீரா என்ற சமவெளி இருக்கிறது. 1925இல் கட்டி முடித்த சென்னார் அணையின் நீரால் பாயும் பாசனப் பரப்பு அது, இருபது லட்சம் ஏக்கருக்கும் மேல். சோளம், கோதுமை, பருத்தி, கடலை எல்லாம் விளையும். 2023 டிசம்பரில் ஆர்.எஸ்.எஃப். அங்கே நுழைந்து வாத் மதனி நகரைப் பிடித்தது. அங்கிருந்த உலக உணவுத் திட்டத்தின் கிடங்கில் ஏறக்குறைய 15 லட்சம் பேருக்கு ஒரு மாதத்துக்கான உணவு இருந்தது. முழுவதும் கொள்ளை போனது. விவசாயிகள் விதைநெல் போல வைத்திருந்த சோளமும், டிராக்டரும், பம்புசெட்டும் போயின. ஒரு தரப்பு கிடங்கைச் சூறையாடியது, மறு தரப்பு எல்லையை அடைத்தது. சூடான் பஞ்சத்தில் வானத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டார்ஃபூரில் எல் ஃபாஷர் நகருக்குப் பக்கத்தில் ஜம்ஜம் முகாம். இருபது வருடத்துக்கு முந்தைய போரில் வீடிழந்தவர்கள் அங்கே குடிசை போட்டு, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி கண்டுவிட்டார்கள். புதிய போர் இன்னும் சில லட்சம் பேரைக் கொண்டுவந்து சேர்த்தது. 2024 ஜனவரியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே கணக்கெடுத்து, பிப்ரவரி தொடக்கத்தில் முடிவை வெளியிட்டது: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குழந்தை சாகிறது. அதே பிப்ரவரியில்தான் அட்ரே வழி அடைக்கப்பட்டது.

அதற்குப் பதிலாகத் தீனே என்ற வடக்கு வழியை மட்டும் ராணுவம் அனுமதித்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்று. மழை பிடித்தால் வழியிலுள்ள காட்டாறுகள் பெருகி லாரிகள் சேற்றில் புதைந்துவிடும். ஜூன் மாதம் வந்தது, மழையும் வந்தது. ஜூலை போனது. ஆகஸ்ட் 1 அன்று, உலகெங்கும் பஞ்சத்தை மதிப்பிடும் நிபுணர் குழு ஜம்ஜமில் பஞ்சம் நிலவுகிறது என்று அறிவித்தது. ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவே இல்லை, நூற்றில் முப்பது குழந்தைகளுக்குக் கடும் ஊட்டச்சத்துக் குறைவு, பத்தாயிரம் பேரில் தினம் இரண்டு சாவு. அவர்களுடைய அளவுகோல் இதுதான். மருத்துவர்கள் கூவியதற்கும் நிபுணர்கள் அறிவித்ததற்கும் இடையே ஆறு மாதம். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கை நீங்களே பெருக்கிப் பாருங்கள், எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

அந்த மாதங்களில் ஜம்ஜமிலும், பிறகு ஆர்.எஸ்.எஃப். முற்றுகைக்குள் இருந்த எல் ஃபாஷரிலும் மக்கள் என்ன சாப்பிட்டார்கள்? அங்கே அம்பாஸ் என்பார்கள். கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை. நம் ஊரில் மாட்டுத் தொட்டியில் ஊறப்போடுகிறோமே, அதே கடலைப் பிண்ணாக்கு. அந்தக் கட்டியை உடைத்து, தண்ணீரில் நனைத்து, குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அங்கேயும் அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடும் தீனிதான். நாளாக ஆக அதற்கும் விலை ஏறியது, பிறகு அதுவும் கிடைப்பது அரிதானது.

பஞ்சம் என்று அறிவித்துவிட்டால் ஏதாவது தானாக நடக்கும் என்று நாம் நினைப்போம். அப்படி ஒரு சட்டமே கிடையாது. அறிவிப்பு யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. இரண்டு வாரம் கழித்து, நெருக்கடி தாங்காமல் ராணுவம் அட்ரே வழியை மூன்று மாதத்துக்கு மட்டும் திறந்தது. அந்தக் கெடு முடியும்போதெல்லாம் நீட்டிப்பார்களா என்று உலகம் காத்துக் கிடந்தது. டிசம்பரில் மேலும் பல இடங்களில் பஞ்சம் என்று நிபுணர்கள் சொல்லவிருந்த நேரத்தில், சூடான் அரசு அந்த மதிப்பீட்டு முறையிலிருந்தே விலகிக்கொண்டது. நாட்டில் பஞ்சமே இல்லை என்று மறுத்தது.

இப்படிக் கெஞ்சிப் பெறும் முறை புதிதல்ல. அது உருவான இடமே சூடான்தான். 1988இல் தெற்கே பஹ்ர் எல் கசால் பகுதியில் போரும் பட்டினியும் சேர்ந்து ஏராளமானவர்களைக் கொன்ற பிறகு, 1989 ஏப்ரலில் யுனிசெஃப் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட் முன்னின்று, அரசோடும் கிளர்ச்சிப் படையோடும் ஒரே நேரத்தில் ஒப்பந்தம் போட்டார். உயிர்காப்பு நடவடிக்கை என்று பெயர். போர் நடக்கும்போதே இரு தரப்புப் பகுதிக்கும் உணவு போகும் என்று இரு தரப்பும் கையெழுத்திட்டது அந்தக் காலத்தில் பெரிய சாதனை. பல லட்சம் பேர் அதனால் பிழைத்தார்கள், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் விமானம் எங்கே இறங்கலாம் என்ற பட்டியலுக்கு ஒவ்வொரு மாதமும் கார்ட்டூமிடம் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. 1998 பிப்ரவரியில் அரசு பஹ்ர் எல் கசாலுக்கான விமானங்களை நிறுத்தியது. கென்ய எல்லையில் லோகிச்சோகியோவில் விமானங்கள் நின்றன, பஹ்ர் எல் கசாலில் மறுபடியும் பஞ்சம் வந்தது. 2009இல் அதிபர் பஷீர் மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்ததும், அவர் டார்ஃபூரிலிருந்து 13 வெளிநாட்டு உதவி அமைப்புகளை ஒரே அடியாக வெளியேற்றினார். உதவியை நிறுத்துவேன் என்று மிரட்டினால் உலகம் பணிந்துபோகும் என்பது சூடானை ஆண்டவர்களுக்கு முப்பது வருடப் பாடம். இன்று ஆர்.எஸ்.எஃப்.பும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. லாரிகளுக்கு வரி, பயண அனுமதிச் சீட்டு, தனக்கென்று ஒரு நிவாரண முகமை என்று எல்லாம் வைத்திருக்கிறது.

வேறு வழியே இல்லையா? இருந்தது. சிரியாவுக்காக 2014 ஜூலையில் பாதுகாப்பு அவை 2165ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. துருக்கி, ஈராக், ஜோர்டான் எல்லைகளில் நான்கு வாசல்கள் வழியாக ஐ.நா. லாரிகள் போகலாம்; டமாஸ்கஸின் ஒப்புதல் தேவையில்லை, தகவல் சொன்னால் போதும். பிறகு ரஷ்யாவும் சீனாவும் அந்த வாசல்களை ஒவ்வொன்றாக அடைத்தது வேறு கதை. ஆனால் பல வருடம் அவ்வழியே லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போனது. 2018 மே மாதம் 2417ஆம் தீர்மானத்தில் பட்டினியைப் போர் ஆயுதமாக்குவதை அதே அவை ஒருமனதாகக் கண்டித்தது. சூடானுக்கு வந்தபோது? 2024 ஜூனில் எல் ஃபாஷர் முற்றுகையை நிறுத்துமாறு ஆர்.எஸ்.எஃப்.பைக் கேட்டது, அவர்கள் பொருட்படுத்தவில்லை. நவம்பரில் பிரிட்டனும் சியரா லியோனும் போர்நிறுத்தம் கோரிக் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 14 நாடுகள் கை தூக்கின. ரஷ்யா வீட்டோ போட்டது. ஆயுதத் தடையோ 2004-05இல் போட்டபடி இன்னும் டார்ஃபூருக்கு மட்டும்தான், முழு நாட்டுக்கும் இல்லை.

மாநாடுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. போர் தொடங்கி ஓராண்டு நிறைந்த நாளில், 2024இல் பாரிஸில் கூடி 200 கோடி யூரோவுக்கு மேல் தருவதாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அதே தேதியில் லண்டனில் கூடினார்கள். அதற்கு நான்கு நாள் முன்பு ஆர்.எஸ்.எஃப். ஜம்ஜம் முகாமைத் தாக்கத் தொடங்கியிருந்தது. முகாமில் மிஞ்சியிருந்த மருத்துவமனையில் புகுந்து ரிலீஃப் இன்டர்நேஷனல் அமைப்பின் ஊழியர்கள் ஒன்பது பேரைக் கொன்றது. லட்சக்கணக்கானவர்கள் தவீலா என்ற ஊரை நோக்கி நடந்தார்கள். அந்தச் செய்தி மேசைமேல் கிடக்க, லண்டனில் கூடிய அமைச்சர்களால் ஒரு கூட்டறிக்கைகூட வெளியிட முடியவில்லை. எகிப்து, சவுதி, அமீரகம் ஆகிய நாடுகளுக்குள் வாசகத்தில் உடன்பாடு இல்லை. ஆர்.எஸ்.எஃப்.புக்கு ஐக்கிய அரபு அமீரகம் ஆயுதம் அனுப்புகிறது என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கது என ஐ.நா. நிபுணர் குழு 2024 தொடக்கத்திலேயே எழுதியது. அமீரகம் மறுக்கிறது. அதே அமீரகம் உதவி மாநாடுகளில் நன்கொடையாளராக முன்வரிசையில் அமர்கிறது. ராணுவத்தின் பக்கமும் எகிப்து, ஈரான், துருக்கி என்று துணைகள் இருக்கின்றன. ஆயுதம் வருகிற வழியைப் பற்றிப் பேசாத இடத்தில் கோதுமை போகிற வழியைப் பற்றி மட்டும் பேசி ஆவது ஒன்றுமில்லை என்பது என் எண்ணம்.

அப்படியானால் இவ்வளவு காலம் சூடான் மக்களை உயிரோடு வைத்திருந்தது யார்? பக்கத்து வீட்டுக்காரர்கள்.

2018, 2019இல் பஷீரை வீழ்த்திய போராட்டத்தின்போது தெருவுக்குத் தெரு இளைஞர்கள் குழு வைத்திருந்தார்கள். போர் வந்ததும் அந்தத் தொடர்புகளே அவசர உதவிக் குழுக்களாக மாறின. சூஃபி மடங்களில் வழிப்போக்கர்களுக்குச் சோறு போடும் பழைய வழக்கம் அங்கே உண்டு. அந்த மடங்களின் பெயரையே வைத்துத் தக்காயா என்று ஊர்ப் பொதுச் சமையற்கூடங்களைத் தொடங்கினார்கள். நம் பாட்டிமார் சொன்ன கஞ்சித் தொட்டிதான். கேஸ் கிடைக்காது, விறகடுப்பில் பெரிய அலுமினிய அண்டாக்கள். மைசூர்ப் பருப்பு, மொச்சை, சோளக் களி. வீட்டுக்கு ஒரு பிள்ளை தூக்குப் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும். வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் உறவினர்கள் பங்காக் என்ற வங்கிச் செயலி வழியாகப் பணம் அனுப்புவார்கள். குண்டுவீச்சுக்கு நடுவே ஒருவர் செயற்கைக்கோள் இணையம் தேடிப் போய் அதை எடுத்து வர வேண்டும். வாங்கிய பருப்புக்கு ரசீதைப் படம் பிடித்து அனுப்புவார்கள். கார்ட்டூமிலும் ஓம்துர்மானிலும் எந்த வெளிநாட்டு வண்டியும் நுழையாத பேட்டைகளில் மாதக்கணக்கில் இவர்கள்தான் சோறு போட்டார்கள். இரண்டு படைகளும் இவர்களைச் சந்தேகப்பட்டுப் பிடித்து அடித்தன, சிலரைக் கொன்றன. எதிரிக்குச் சோறு போடுகிறாய் என்பதுதான் குற்றம்.

உதவிப் பணத்தில் கால் பங்கை உள்ளூர் அமைப்புகளிடம் கொடுப்போம் என்று 2016இல் பெரிய நாடுகளும் ஐ.நா. அமைப்புகளும் கையெழுத்திட்டு வாக்களித்தன. சூடானில் இந்தக் குழுக்களுக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது மிகச் சிறு பங்கு. பதிவுச் சான்றிதழ் எங்கே, தணிக்கை அறிக்கை எங்கே என்று கேட்டார்கள். தணிக்கையாளர் ஓடிப்போன ஊரில் அந்தக் கேள்வி நியாயமா? கடைசியில் அமெரிக்காவின் யு.எஸ்.எய்ட் பணம் இடையமைப்புகள் வழியாக ஓரளவு வரத் தொடங்கியது. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி உத்தரவு போட்டது. சில வாரங்களில் சூடான் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமையற்கூடங்கள் அடுப்பை அணைத்தன. அந்த ஆண்டுக்கு ஐ.நா. கேட்ட 420 கோடி டாலரில் பாதிகூடச் சேரவில்லை.

2025 ஜூன் 2 அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உலக உணவுத் திட்டமும் யுனிசெஃப்பும் சேர்ந்து அனுப்பிய 15 லாரிகள் போர்ட் சூடானிலிருந்து 1,800 கிலோமீட்டர் ஓடி, எல் ஃபாஷருக்குப் பக்கத்தில் அல் கூமா என்ற ஊரில் மேற்கொண்டு செல்ல அனுமதிக்காகக் காத்து நின்றன. போய்ச் சேர்ந்திருந்தால் ஒரு வருடத்துக்கு மேலாக அந்த நகரம் காணாத முதல் ஐ.நா. உணவு. வழியும் நேரமும் இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தன. இரவில் தாக்குதல், ஐந்து பேர் செத்தார்கள், லாரிகள் எரிந்தன. இரு தரப்பும் ஒன்றையொன்று கை காட்டின. எல் ஃபாஷருக்கு அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் ஐ.நா. லாரி போகவில்லை. நகரைச் சுற்றி ஆர்.எஸ்.எஃப். மண்ணை வெட்டிக் கரை எழுப்பியதைச் செயற்கைக்கோள் படங்களில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாரந்தோறும் பார்த்து, வெளியிட்டு, எச்சரித்தார்கள். யாருக்கும் தெரியாமல் நடந்த முற்றுகை அல்ல அது. அக்டோபர் 26 அன்று நகரம் விழுந்தது. சவுதி மகப்பேறு மருத்துவமனையில் நோயாளிகளும் உடனிருந்தவர்களுமாக 460க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதாகத் தகவல் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. ஒரு வாரம் கழித்து அங்கே பஞ்சம் உறுதியாகிவிட்டதாக நிபுணர் குழு அறிவித்தது. அந்த அறிவிப்பில் இன்னொரு ஊரின் பெயரும் இருந்தது: தெற்குக் கொர்தோஃபானில் உள்ள கடுக்லி.

இங்கிருந்து நாம் என்ன கேட்க முடியும் என்று நீங்கள் நினைக்கலாம். இந்தியா சூடானுக்கு அந்நிய நாடல்ல. நம் பொதுத்துறை எண்ணெய் நிறுவனம் 2003இல் அந்த நாட்டின் ஒரு பெரிய எண்ணெய்த் திட்டத்தில் கால் பங்கு வாங்கியது. அமீரகத்தோடும் எகிப்தோடும் ரஷ்யாவோடும் ஒரே நேரத்தில் நெருக்கமாகப் பேசக்கூடிய நாடுகள் உலகில் அதிகம் இல்லை. இந்தியா அவற்றில் ஒன்று. அந்த நெருக்கத்தைச் சூடானுக்காக ஒரு முறையாவது பயன்படுத்துங்கள் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்கலாம். கேட்பதில் மூன்று காரியம் இருக்க வேண்டும். எல்லை வாசல்கள் மூன்று மாதக் கெடுவில்லாமல், ஒப்புதல் கேட்காமல், தகவல் சொன்னால் போதும் என்ற ஏற்பாட்டில் திறந்திருக்க வேண்டும். ஆயுதத் தடை முழு சூடானுக்கும் வர வேண்டும். இந்தியா கொடுக்கும் உதவியில் ஒரு பங்கு தக்காயா அடுப்புகளுக்கு நேராகப் போக வேண்டும். சாட் நம்மைவிட எவ்வளவோ ஏழை நாடு. இந்தப் போரில் ஓடிவந்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சூடான் மக்களைத் தன் எல்லை ஊர்களில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எங்களிடம் இடமில்லை என்று அது சொல்லவில்லை.

இந்த மூன்றையும் ஒரு மனுவாக எழுதி வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறோம். ஒப்புகிறவர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்திடலாம். ஏதாவது விட்டுப்போயிருந்தால் ஓரத்தில் எழுதுங்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.